மார்லிஸ் தெளிக்காமல் விட்ட பட்டை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊரில் யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. பிக்கப் வண்டியை நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு, அடுத்தவன் வயலை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போவோம். எவன் வரிசை கோணல், எவன் சோயாவில் களை, எவன் மூலையைக் கோட்டை விட்டான் என்பதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நற்கருணை வாங்கிய நாக்கு காய்வதற்குள் புறணி. நானும் அதில் ஒருவன்தான், மறைக்க மாட்டேன்.

அப்படிப்பட்ட ஊரில் மார்லிஸ் ஹூல்ஸ்மன் இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுறவுச் சங்கத்தின் மருந்து தெளிக்கிற ஸ்பிரேயர் வண்டியை ஓட்டுகிறாள். ஆள் உயரச் சக்கரம். இரண்டு பக்கமும் விரித்தால் தொண்ணூறு அடிக்கு நீளும் கைகள். அவளுக்குத் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோகிற லாரி என்னுடையது. என் பெயர் லாய்டு. பதினாலு வருஷமாக அவள் வண்டியின் முதுகைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நரை விழுந்தது. அத்தனை வருஷத்தில் அவள் தெளித்த வயலில் ஒரு முழம் விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

அவள் தம்பி நார்பெர்ட். அவர்களுடைய அப்பா செத்தபோது பர்டிக் குடும்பத்திடம் அவர் எடுத்திருந்த நூற்றறுபது ஏக்கர் குத்தகை அவனுக்குப் போனது. பதினோரு வயதிலிருந்து டிராக்டர் ஓட்டியவள் மார்லிஸ். ஆனால் பையன் நார்பெர்ட். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மார்லிஸ் அடக்கம் முடிந்த மறுநாள் சங்கத்துக்கு வந்து ஸ்பிரேயர் வேலை கேட்டாள். அங்கே சிரித்தவர்களில் நான்கு பேர் இப்போது அவளிடம்தான் தெளிக்கச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள்.

நார்பெர்ட் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், அறுவடை முடிந்த கையோடு, கோவிலில் நடக்கிற வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவன் மேஜைக்குப் போய், களைக்கு இப்போதே மருந்து அடி என்று அவள் சொல்லுவாள். ஒவ்வொரு வருஷமும் அவனிடம் ஒரே பதில்.

"களைக்கு இப்ப மருந்தா? வர்ற பனியே எல்லாத்தையும் கருக்கிடும்க்கா. கடவுள் ஓசியில அனுப்புறாரு, நான் எதுக்குச் சங்கத்துக்கு அழணும்?"

"பனி உன் மூளையத்தான் கருக்கியிருக்கு. வயல்ல இறங்கிக் குனிஞ்சு பாருடா. இப்ப ஒவ்வொண்ணும் காசு அகலம்தான் இருக்கு. தரையோட ஒட்டிப் படுத்துக்கிட்டு பனிக்கு அடியில தூங்கும். ஏப்ரல்ல எந்திரிச்சா உங்கப்பன் வந்தாலும் அடக்க முடியாது."

"உனக்கும் அவர்தானே அப்பன்" என்பான் நார்பெர்ட். மேஜையில் எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு வருஷம் இதே கூத்து.

அவள் சொன்னது உண்மை. குதிரைவால் என்று நாங்கள் சொல்கிற அந்தக் களை செப்டம்பரிலேயே முளைத்துவிடும். குளிர் வருகிறது என்று தெரிந்து, இலையில் இருக்கிற சத்தையெல்லாம் வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மருந்து பட்டால் அதுவும் கூடவே வேருக்கு இறங்கும். வசந்தம் வரட்டும் என்று காத்திருந்தால் ஏப்ரல் முழுக்க மழை. சேற்றில் ஸ்பிரேயரை இறக்கினால் அச்சு வரை புதையும். வண்டி இறங்குகிற மாதிரித் தரை காய்வதற்குள் களை முழங்காலுக்கு வந்து, மருந்தை மோர் மாதிரிக் குடித்துவிட்டு நிற்கும்.

போன ஆகஸ்டில் நார்பெர்ட்டின் வயலில் அப்படித்தான் நின்றது. சோயா இடுப்புக்குக் கீழே, களை நெஞ்சுக்கு மேலே. நிலத்துக்காரி கான்ஸ்டன்ஸ் பர்டிக் செயின்ட் லூயிஸிலிருந்து கார் ஓட்டி வந்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவள். கதவைக்கூடச் சாத்தாமல் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். அந்த வாரமே கடிதம் வந்தது. இன்னும் ஒரே வருஷம். மே மாதம் வந்து பார்ப்பேன். வயல் மறுபடி இப்படி இருந்தால் குத்தகை வேறு ஆளுக்கு.

நார்பெர்ட்டுக்குச் சொந்தமாக இருப்பது நாற்பது ஏக்கர். அதை வைத்துக்கொண்டு இங்கே எவனும் குடும்பம் நடத்த முடியாது. பர்டிக் நிலம் போனால் அவன் அறுவடை செய்கிற கம்பைன் போகும், வீடு போகும், ஐம்பத்தி நாலு வயதில் எங்காவது கிடங்கில் மூட்டை தூக்க வேண்டும்.

அப்படியும் அந்த மனிதன் அக்டோபர் முழுக்க இழுத்தடித்தான். முதலில் அறுவடை என்றான். பிறகு மான் வேட்டை என்றான். ஒரு உறைபனி விழட்டும், எது சாகிறது எது பிழைக்கிறது பார்ப்போம் என்றான். நவம்பர் இரண்டாம் புதன்கிழமைதான் சங்கத்துக்குப் போன் பண்ணினான். வியாழன் மாலை வடமேற்கிலிருந்து குளிர் இறங்கப்போகிறது, அதன்பிறகு வசந்தம் வரை தரை இறுகிவிடும் என்று ரேடியோ சொன்ன பிறகு.

"ஒன்பதாவது ஆளா எழுதிக்கோ" என்றாள் மார்லிஸ்.

"உன் தம்பிம்மா" என்றேன்.

"மத்த எட்டுப் பேரும் யாருக்கோ தம்பிதான், லாய்டு."

வியாழன் மதியம் ஒன்றரை மணிக்கு நாங்கள் நார்பெர்ட்டின் வயலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வடமேற்கு வானத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. காற்று இன்னும் தெற்கிலிருந்து, மெதுவாக. மார்லிஸ் தன் வண்டியின் ஏரியல் கம்பியில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருப்பாள். காற்றளக்கிற கருவி உள்ளே இருக்கிறது. ஆனாலும் அவள் கண் நாடாவில்தான் இருக்கும்.

எந்த வயலானாலும் ரோட்டோரத்தை முதலில் அடிப்பது அவள் பழக்கம். இந்த வயலுக்குக் கிழக்கே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிளெட்டஸ் நீமனின் கோதுமை, இரண்டு இலை விட்டு, பார்க்கவே இளசாக நின்றது. எங்கள் மருந்து அதன் மேல் பட்டால் அது காலி. தெற்குக் காற்று இருக்கும்போதே ரோட்டோரத்தை முடித்துவிட்டால் பயமில்லை. ஆனால் ரோட்டோரத்தில் நார்பெர்ட்டின் கம்பைன் பெல்ட் அறுந்து நின்றது. பின்னால் தானிய வண்டி, அதன் பின்னால் டிரெய்லர், கல்யாண ஊர்வலம் மாதிரி.

"எடுடா இதையெல்லாம்" என்று ஏணியில் நின்றபடி கத்தினாள்.

"நீ மேற்குலேருந்து அடிச்சுக்கிட்டு வாக்கா. நீ இங்க வர்றதுக்குள்ள எடுத்துடறேன்."

மேற்கிலிருந்து தொடங்கினாள். அரை மைல் போக, அரை மைல் வர. தொண்ணூறு அடி, தொண்ணூறு அடியாக வயல் நனைந்துகொண்டே வந்தது. பாதியில் டாங்கி தீர்ந்து, நான் குழாயை மாட்டி நிரப்பினேன். அவள் இறங்கவில்லை. வடமேற்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பைன் அதே இடத்தில் நின்றது. நார்பெர்ட் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு எதையோ அடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நானும் தள்ளினேன், திட்டினேன், கடைசியில் டிராக்டர் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தோம். ரோட்டோரம் காலியானபோது மூன்றேகால்.

மூன்று இருபத்தைந்துக்கு அவள் கடைசிக்கு முந்தின நடையை முடித்துத் திரும்பினாள். பாக்கி ஒரே ஒரு பட்டை, ரோட்டை ஒட்டி. இரண்டரை நிமிஷ வேலை. அப்போது சிவப்பு நாடா தொங்கியது. ஒரு நொடி அசையாமல் கிடந்தது. பிறகு பட்டென்று கிழக்கே விறைத்துக்கொண்டு நின்றது.

அவள் வண்டியை நிறுத்தினாள்.

வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் நான் சொன்னேன். இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னேன்: "போயிடு, மார்லிஸ். ரெண்டரை நிமிஷம். யாரு பாக்கப் போறா?"

அவள் ரேடியோவை அணைத்துவிட்டாள்.

நார்பெர்ட் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அக்கா! ஏன் நின்னுட்ட? ஒரே ஒரு பாட்டம்தானே!"

"காத்து திரும்பிடுச்சு. கிளெட்டஸ் கோதுமைக்கு நேரா அடிக்குது."

"தள்ளி அடி! தாழ்த்தி அடி! ரோட்டோரம்க்கா இது. அந்தம்மா கார்லேருந்து முதல்ல பாக்கப்போறது இதைத்தான்!"

"தெரியும்."

"கிளெட்டஸுக்கு என்ன தெரியப்போகுது? பனியில செத்துச்சுன்னு நினைச்சுப்பான்."

"எனக்குத் தெரியுமேடா" என்றாள்.

அவன் முகம் மாறியது. ஏணியை விட்டான். நிதானமாக, லாரியிலிருந்து இறங்கி வந்த எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அப்பா நிலத்த எனக்குக் குடுத்தாருன்னு இருபத்திரண்டு வருஷமா வயித்தெரிச்சல். இன்னைக்குத்தான் உனக்கு வழி கிடைச்சிருக்கு. நல்லாப் பண்ணு."

கையிலிருந்த குழாயால் அவனை ஒரு சாத்துச் சாத்தலாமா என்றுதான் எனக்கு இருந்தது. அவள் தெளிப்புக் கைகளை மடித்தாள். மடிந்து முடிகிற வரை முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடி வழியாக அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே ஆலங்கட்டி. மறுநாள் தரை கல்.

குளிர்காலம் முழுக்க ஊருக்கு அதுவே பேச்சு. இலையுதிர் காலத்தில் தெளித்த வயல் இரண்டு வாரத்தில் பழுத்துக் காயும். தெளிக்காத இடம் பச்சையாகவே நிற்கும். நார்பெர்ட்டின் வயலில் ரோட்டோரமாக அரை மைலுக்கு ஒரு பச்சைப் பட்டை. பூசை முடிந்து போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே மெதுவாகும்.

"மார்லிஸுக்குக் கண்ணாடி மாத்தணும் போல" என்றான் ஒருவன் மீன் விருந்தில்.

"அக்கா விட்டுட்டா" என்று நார்பெர்ட் எல்லோரிடமும் சொன்னான். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கம்பைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொல்லப் போனால் மார்லிஸ் மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பாள்.

"விடு லாய்டு. விட்டது நான்தானே?"

கோவிலில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். பூசை முடிந்ததும் இவள் முதலில் எழுந்து போவாள், அவன் கடைசிப் பாட்டு முடிகிற வரை காத்திருப்பான்.

ஏப்ரலில் வழக்கம்போல வானம் பொத்துக்கொண்டது. மூன்று தடவை அந்தப் பட்டையை அடிக்கலாமா என்று போய்ப் பார்த்தோம். மூன்று தடவையும் என் பூட்ஸ் கணுக்கால் வரை உள்ளே போனது. சுற்றிலும் தெளிக்காத வயல்களில் களையெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. நகரத்தார் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். நார்பெர்ட்டின் நூற்றைம்பத்தைந்து ஏக்கர் மட்டும் மொட்டைத் தலையாக, பழுப்பாக இருந்தது. மேலே களைப் போர்வை இல்லாததால் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. அந்தப் பக்கத்திலேயே முதலில் காய்ந்தது அந்த வயல்தான். மே ஆறாம் தேதி அவன் மக்காச்சோளம் விதைத்தபோது பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று எச்சில் விழுங்கினார்கள்.

ரோட்டோரப் பட்டை மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு நின்றது.

மே பதினேழு. கடைசியில் அந்தப் பட்டையும் வண்டி தாங்குகிற மாதிரிக் காய்ந்தது. காலை ஒன்பது மணிக்கு மார்லிஸும் நானும் போனோம். நார்பெர்ட் எங்களுக்கு முன்னாலேயே புல் வெட்டும் இயந்திரத்தை டிராக்டரில் மாட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

"வெட்டாதடா" என்றாள் மார்லிஸ். நவம்பருக்கு அப்புறம் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. "வெட்டினா ஒண்ணுக்கு நாலா கிளைக்கும்."

"கிளைக்கட்டும். அந்தம்மா இருபதாம் தேதி வர்றா. அன்னைக்கு உயரமா தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. ரோட்டில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. தலைமை ஆசிரியைகள் சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னால்தான் வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பர்டிக் அம்மா இறங்கினாள். சின்னக் கார், சின்ன உருவம். அவள் கண்ணுக்கு எதிரே இடுப்பு உயரக் களை, அரை மைலுக்கு. அதற்குப் பின்னால் இருக்கிற எதுவும் அங்கிருந்து தெரியாது.

"நார்பெர்ட், போன ஆகஸ்ட்ல நான் என்ன எழுதினேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"வர்ற வழியில எல்லார் வயலும் பூவா இருக்கு. உங்க வயல் மட்டும் திரும்பவும் இப்படி." பிறகு ஸ்பிரேயரைப் பார்த்தாள், ஏணியில் நின்ற மார்லிஸைப் பார்த்தாள். "சங்கத்து ஆளுங்கதானே? இத நீங்கதான் விட்டுட்டீங்களா?"

நார்பெர்ட்டின் வாய் திறந்தது. அவனுக்கு வழி அங்கேயே இருந்தது, கையை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆமாம்மா, சங்கத்து ஆள் விட்டுட்டா, என் தப்பு இல்ல. ஆறு மாதமாக ஊருக்கெல்லாம் சொன்னதுதானே. சொன்னால் நிலம் மிஞ்சும்.

"ஆமா" என்றாள் மார்லிஸ். "நான்தான் விட்டேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

பர்டிக் அம்மா தலையசைத்துவிட்டுத் திரும்பினாள். காரின் கதவைத் திறந்தும்விட்டாள்.

"அம்மா, நில்லுங்க" என்றான் நார்பெர்ட். "கொஞ்சம் என்கூட வாங்க."

அவன் களைக்குள் இறங்கினான். இரண்டு கையாலும் விலக்கி, மிதித்து, அந்த அம்மாவுக்கு வழி பண்ணிக்கொண்டே போனான். அவள் நல்ல செருப்போடு பின்னால் போனாள். நாங்களும் போனோம். தொண்ணூறு அடி. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் பர்டிக் அம்மா நின்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டுகிற வரை பழுப்பு மண், அதில் விரல் உயர மக்காச்சோளம் கோடு போட்ட மாதிரி. ஒரு களை இல்லை.

"இது என் அக்கா பண்ணது" என்றான் நார்பெர்ட். "நவம்பர்ல. பதினோரு வருஷமா பண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கேக்கல." பின்னால் திரும்பாமலே கையைக் களை பக்கம் காட்டினான். "அது நான் பண்ணது. அன்னைக்கும் வழியில கம்பைன நிறுத்தி நேரத்தக் கெடுத்தது நான். காத்து திரும்பிடுச்சு, பக்கத்துக்காரன் பயிர் சாகும்னு அவ நிறுத்தினா. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். விட்டது அவதான்னு ஊரெல்லாம் சொன்னேன்."

அந்த அம்மா குனிந்து மக்காச்சோள வரிசையைப் பார்த்தாள்.

"அப்போ இருபத்திரண்டு வருஷமா நாங்க தப்பான ஆள் கையில நிலத்தைக் குடுத்திருக்கோம்" என்றாள்.

"ஆமாம்மா" என்றான் நார்பெர்ட். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

அவள் மார்லிஸிடம் திரும்பினாள். "உங்களுக்கு வேணுமா?"

மார்லிஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"ரெண்டு பேர் பேரையும் போடுங்க" என்றாள். பிறகு, "என் பேர் முதல்ல" என்றாள்.

கார் போனதும் மார்லிஸ் வண்டியில் ஏறப் போனாள். நார்பெர்ட் மறித்தான்.

"இன்னைக்கு அடிக்காதக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எல்லாரும் பாக்கட்டும்."

"பூத்து விதை பறந்தா ஊருக்கே நாசம்டா. திங்கக்கிழமை காலையில அடிப்பேன். இந்த உயரத்துல பாதி சாகாது. சாகாதத நீ கையாலதான் பிடுங்கணும். அஞ்சரை ஏக்கர்."

"பிடுங்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்தபோது நார்பெர்ட் கோவில் சட்டையோடு அந்தப் பட்டைக்கு முன்னால் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தான். மெதுவாகிற ஒவ்வொரு வண்டியின் கண்ணாடிக்கும் குனிந்தான். "அவ விட்டது இல்ல. நான் விட வெச்சது. காத்து கிளெட்டஸ் பக்கம் திரும்பிடுச்சு, அதான் நிறுத்தினா." அடுத்த வண்டி. மறுபடி அதே. காது மடல் வரை சிவந்திருந்தது. கிளெட்டஸ் நீமன் இறங்கி எதிர்ப்பக்கம் கதிர் விட்ட தன் கோதுமையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான், நார்பெர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

நான் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றேன். இரண்டரை நிமிஷம், யாரு பாக்கப் போறா என்று சொன்ன ஒருவன் அந்த ஊரில் இன்னும் பாக்கி இருந்தான். அடுத்த வண்டிக்காரனிடம் அதை நான் சொன்னேன்.

கடைசியாக மார்லிஸின் பிக்கப் வந்தது. நிற்கவில்லை, மெதுவானது. கண்ணாடி இறங்கியது.

"ரெண்டு பேரும் நடுவுல நின்னு மறைக்காதீங்கய்யா" என்றாள். "பட்டை தெரியட்டும்."